பத்துப் பேரைத் தேடும் மரபு: அலுவிகாரையிலிருந்து அறுகம்குடா வரை

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போகும் பேருந்து மாத்தளை நகரைத் தாண்டிய சில நிமிடங்களில் அலுவிகாரையைக் கடக்கிறது. பெரும் பாறைகள், அவற்றின் இடுக்குகளில் குகை விகாரைகள். பயணிகள் வந்தால் எழுத்தாணியால் ஓலையில் கீறி, மை பூசித் துடைத்துக் காட்டுவார்கள். அதுவரை வாய்மொழியாக மட்டுமே ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் ஏறியது என்பது பௌத்த மரபு.

ஏன் எழுதினார்கள் என்பதற்குக் கிடைக்கும் பதில், பக்தியைக் காட்டிலும் பயத்தையே அதிகம் சொல்கிறது. வலகம்பா முடியிழந்து ஒளிந்து வாழ, தெற்கிந்தியாவிலிருந்து வந்த ஐந்து தமிழ்த் தலைவர்கள் அநுராதபுரத்தை அடுத்தடுத்து ஆண்ட சுமார் 14 ஆண்டுகள் அவை. போரோடு கொடும் பஞ்சமும் சேர்ந்தது. பிக்குகள் பலர் இறந்தனர், பலர் கடல் கடந்து போயினர். மகாநித்தேசம் என்ற நூலை மனப்பாடமாக அறிந்திருந்தவர் அப்போது ஒரேயொரு பிக்குதான் என்றும், அவரோ ஒழுக்கக்கேடானவர் என்றும், நூல் அழிந்துவிடக் கூடாதே என்று மற்றவர்கள் மனமில்லாமல் அவரிடம் போய்க் கற்றார்கள் என்றும் பாளி உரைநூல்கள் ஒரு கதை சொல்கின்றன. மனிதர்களின் தொண்டைக்குள் மட்டும் வாழும் மரபு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து, கலிலேயாவில் யூத ரபிகள் இதே முடிவுக்கு வந்தார்கள். எழுத்தில் உள்ள தோராவோடு வாய்மொழித் தோரா ஒன்றும் அவர்களுக்கு உண்டு. அதை எழுதக் கூடாது என்பது பழைய விதி. 70 ஆம் ஆண்டில் உரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்ததும், அடுத்த நூற்றாண்டின் கிளர்ச்சிகளில் கற்றறிந்தவர்கள் கொல்லப்பட்டதும் அந்த விதியைத் தாக்குப்பிடிக்க விடவில்லை. 200 ஆம் ஆண்டையொட்டி யூதா ஹநாசி என்ற ரபி, மிஷ்னா என்ற தொகுப்பாக அதை ஒழுங்குபடுத்தினார். அதன்மேல் வாதங்களும் உரைகளும் குவிந்து தல்மூத் ஆனது.

இரண்டு மரபுகளுக்கும் வழி பிரிவது அதற்குப் பிறகுதான். அலுவிகாரையின் ஏடுகளுக்குப் பின்னால் ஓர் அரசும், காணியும், விகாரைகளும் இருந்தன. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் அலுவிகாரையைச் சிதைத்து ஏடுகளை அழித்தபோதும் மரபு அழியவில்லை, பிரதிகள் வேறு விகாரைகளில் இருந்தன. யூதர்களுக்கு அரசும் இல்லை, ஆலயமும் இல்லை. எனவே பலிபீடத்தின் வேலையை வீட்டுச் சமையலறை ஏற்றது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவது முதல் சனி இரவு வரை தீ மூட்டாத ஓய்வுநாள், இறைச்சியும் பாலும் கலக்காத கோஷர் உணவு, கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர். கட்டடம் இருந்தும் பத்துப் பேர் இல்லையென்றால் சில பிரார்த்தனைகளைச் சொல்லவே முடியாது. (சீர்திருத்தப் பிரிவுகள் இன்று பெண்களையும் அந்தப் பத்தில் சேர்க்கின்றன.)

ஏடு முக்கியமா, நடைமுறை முக்கியமா என்று கேட்டால், பதில் நமக்கு அருகிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் எண்ணெய் செக்கு ஆட்டிப் பிழைத்த ஒரு சிறு சமூகத்தை அக்கம்பக்கத்தார் 'சனிவார் தேலி' என்று அழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை ஓட்டாத எண்ணெய்க்காரர்கள் என்று பொருள். பெனே இஸ்ரேல் என்று இன்று அறியப்படும் அவர்கள் எபிரேயம் மறந்துபோனவர்கள். புத்தகம் கிடையாது, தல்மூத் என்ற பெயரே தெரியாது. விருத்தசேதனம், சில உணவு விலக்குகள், 'இஸ்ரேலே கேள்' என்று தொடங்கும் ஒரு பிரார்த்தனையின் முதல் வரி, சனிக்கிழமை ஓய்வு ஆகியவை மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றை வைத்துத்தான் பின்னால் வந்த கொச்சி யூதர்கள் அவர்களை அடையாளம் கண்டு, விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏடு தொலைந்தும் செக்கு நின்ற நாள் அவர்களைக் காப்பாற்றியது.

மலையகத் தமிழருக்கு இது அந்நியமான கதை அல்ல. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து கண்டிக்கு வந்தவர்கள் அலுவிகாரைப் பாறைகளைத் தாண்டியே போயிருக்க வேண்டும். ஆகமப் புத்தகங்களை அவர்கள் சுமந்து வரவில்லை. காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் மாரியம்மனையும் நினைவில் கொண்டு வந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள் அந்த நடைபாதையின் நீட்சிதான். 1983 ஜூலையில் அந்தக் கோயிலும் தாக்குதலுக்குத் தப்பவில்லை.

கொச்சியின் கதை இதற்கு நேர்மாறாக முடிந்தது. சுமார் 1000 ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் செப்பேட்டில் அளித்தான். வட்டெழுத்தில் பொறித்த அந்த ஏட்டின் மொழி தமிழ் வாசகருக்குப் பாதி புரியும். 1568 இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடம் இன்னும் அழகாக நிற்கிறது. கொச்சியில் யூதர்களை உள்ளூர்க்காரர் யாரும் விரட்டவில்லை. 1950களில் பெரும்பாலோர் தாமாகவே இஸ்ரேலுக்குப் போனார்கள். எஞ்சிய முதியவர்களால் பத்துப் பேரைச் சேர்க்க முடியாமல், சுற்றுலாப் பயணிகளில் யாராவது யூதர் வந்தால்தான் தொழுகை என்ற நிலை வந்தது. பரவூர், சேந்தமங்கலம் தொழுகைக்கூடங்கள் முசிறி பாரம்பரியத் திட்டத்தில் அருங்காட்சியகங்களாகிவிட்டன. ஒரு மட்டாஞ்சேரிக் கூடத்தின் உட்பகுதி மரவேலையோடு பெயர்த்தெடுக்கப்பட்டு எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்து வந்த மலையாளப் பாடல்கள் மட்டும் இஸ்ரேலில் மறுபடி பாடப்படுகின்றன. ரபிகளின் கண்ணுக்கு அந்த நோட்டுகள் ஒருபோதும் மறைநூலாகத் தெரிந்திருக்காது.

இலங்கையில் இப்படியொரு யூத சமூகம் வேர்விடவில்லை. தனி மனிதர்கள் வந்தார்கள். ரொத்சைல்ட் குடும்பத்து உறவினரான வோர்ம்ஸ் சகோதரர்கள் 1840களில் புசல்லாவையில் திறந்த தோட்டம் இன்றும் ரொத்சைல்ட் என்றே அழைக்கப்படுகிறது. 1936 இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு யூத இளைஞர் ஞானபோனிக தேரர் ஆனார். கண்டி உடவத்தகலைக் காட்டில் இருந்துகொண்டு, 1958 இல் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர் அவர். அவருக்குப் பின் அதை நடத்திய பிக்கு போதி, நியூயோர்க்கின் புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அலுவிகாரையில் ஏட்டில் ஏறியதாகச் சொல்லப்படும் நூல்களை இன்று உலகம் ஆங்கிலத்தில் படிப்பதில் இந்த இருவருக்கும் பெரிய பங்குண்டு. தம் மரபைவிட்டு வந்தவர்கள் இன்னொருவரின் மரபைக் காத்த கதை இது. ஒரு மதத்தை ஓர் இனத்தோடும் ஒரு மண்ணோடும் ஆணியடித்துப் பேசும் நம் அரசியலில் இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதே புரூக்ளினைத் தலைமையகமாகக் கொண்டதுதான் சபாத் இயக்கம். பெயரைப் பார்த்து ஓய்வுநாளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஞானம், விவேகம், அறிவு என்ற மூன்று எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. நவீன உலகில் மரபை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு யூதர்கள் பல விடைகள் சொல்லியிருக்கிறார்கள். 19 ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் எழுந்த சீர்திருத்தப் பிரிவு, சட்டத்தையே காலத்துக்கேற்ப மாற்றியது. அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவு 1950 இல், ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்கு மட்டும் கார் ஓட்டலாம் என்றது. கடும் மரபினர் சட்டத்தைத் தொடாமல், பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று போகும் மின்தூக்கியைச் செய்துகொண்டார்கள். விட்டுக்கொடுக்காதவர்கள் அழிந்துவிடுவார்கள் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். 2020 இல் அமெரிக்காவில் பியூ நிறுவனம் எடுத்த ஆய்வில், வயதுவந்த யூதர்களில் 9 விழுக்காட்டினரே கடும் மரபுப் பிரிவினர். ஆனால் 30 வயதுக்குட்பட்டோரில் அது 17 விழுக்காடு, 65 வயதைத் தாண்டியவர்களில் 3 விழுக்காடு.

சபாத்தின் விடை வேறு. சட்டம் மாறாது, பத்துப் பேர் இருக்கும் இடத்துக்கு நாமே போவோம் என்பது அது. 1994 இல் மறைந்த அதன் ஏழாவது தலைவர் மெனாக்கம் மெண்டல் ஷினீர்சன், இளம் தம்பதியரை உலகெங்கும் அனுப்பினார். இராணுவ சேவை முடித்து முதுகுப் பையோடு ஆசியாவுக்கு வரும் இஸ்ரேலிய இளைஞர்கள் எங்கே இறங்குகிறார்களோ, அங்கே ஒரு வீடு, ஒரு கோஷர் சமையலறை, வெள்ளி இரவு விருந்து. ஊரில் தொழுகைக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள் காத்மண்டுவில் பாஸ்கா விருந்துக்கு உட்காருகிறார்கள். யூதர் அல்லாதவரை மதம் மாற்றுவது இவர்களின் நோக்கம் அல்ல. கிழக்கில் அப்படிக் கிளம்பும் வதந்திக்கு அடிப்படை இல்லை. இந்த வீடுகள் எவ்வளவு எளிதாக இலக்காகும் என்பதை 2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்தில் கொல்லப்பட்ட ரபியும் அவரது மனைவியும் காட்டினார்கள்.

அறுகம்குடாவில் இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்தது. அலைச்சறுக்குக்கு வரும் இஸ்ரேலியர்களுக்காக, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பொத்துவில் பிரதேசத்தில் ஒரு சபாத் இல்லம் இயங்குகிறது. 2024 ஒக்டோபர் 23 அன்று, தாக்குதல் அபாயம் இருப்பதாக அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் குடிமக்களை உடனே வெளியேறச் சொன்னது. பொலிஸார் குவிக்கப்பட்டனர். காஸாவில் பிணங்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், அங்கே போரிட்டுவிட்டு வந்தவர்கள் தங்கள் கடற்கரையில் ஓய்வெடுப்பதைப் பார்த்து மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. சுற்றுலா விசாவில் வந்து வியாபாரம் செய்கிறார்கள் என்ற முறைப்பாடும் அதோடு சேர்ந்தது. 2024 டிசம்பரில், இலங்கையில் தங்கியிருந்த ஓர் இஸ்ரேலியச் சிப்பாயைக் கைதுசெய்யுமாறு ஹிந்த் ரஜப் அறக்கட்டளை கோரியது.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழைந்துவிட்டன. போர்க்குற்றத்தில் ஈடுபட்டதாகச் சந்தேகிக்கப்படும் ஒருவர் நாட்டுக்குள் வரலாமா என்பது ஒன்று. பத்து யூதர்கள் கூடித் தொழ ஒரு வீடு இருக்கலாமா என்பது வேறு. முதல் கேள்விக்கு விடை விமான நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கிடைக்க வேண்டும். இறுதிப் போரின் குற்றங்களுக்குச் சர்வதேச நீதி கேட்கும் தமிழர்கள் அதைக் கூடுதலாகவே வலியுறுத்தலாம். அரசாங்கமோ அந்தக் கேள்வியைத் தொடவே தயங்குகிறது. இஸ்ரேலின் வயல்களுக்கும் கட்டுமானத் தளங்களுக்கும் நாமே தொழிலாளர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். விடை கிடைக்காத கோபம் இரண்டாவது கேள்வியின்மேல், அதாவது தொழுகை வீட்டின்மேல், இறங்குகிறது.

சபாத் இயக்கம் அரசியலில் நடுநிலை என்று சொல்ல வரவில்லை. இஸ்ரேலியப் படையினரின் பக்கம் அது வெளிப்படையாகவே நிற்கிறது. ஆனால் யூத மரபும் இஸ்ரேலிய இராணுவமும் ஒன்றே என்ற சமன்பாடு இஸ்ரேலிலேயே செல்லாது. வேதக்கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாய இராணுவ சேவையிலிருந்து விலக்களிக்கச் சட்ட அடிப்படை இல்லை என்று 2024 ஜூன் 25 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் கறுப்புத் தொப்பி அணிந்த கடும் மரபினர்தாம். அவர்களின் காரணம் சமாதானம் அல்ல, மரபு. படைமுகாமுக்குப் போகும் பிள்ளை வேதக்கல்லூரிக்குத் திரும்பி வரமாட்டான் என்ற அச்சம்.

அறுகம்குடா இல்லம் வழிபாட்டிடமாக அனுமதி பெற்றதா என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. கேட்கலாம். ஆனால் அந்த விதியின் வரலாற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற 2008 ஒக்டோபர் சுற்றுநிருபம், கிராமங்களில் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு கிறிஸ்தவ சபைகளை மூடவைக்கவே அதிகம் பயன்பட்டிருக்கிறது. பௌத்தம், இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் நான்குக்கும் திணைக்களங்கள் உண்டு. யூதர் விண்ணப்பிக்க நினைத்தாலும் ஐந்தாவது கதவு கிடையாது. அதேவேளை யாழ்ப்பாணம் தையிட்டியில் தனியார் காணியில் இராணுவத்தின் துணையோடு ஒரு விகாரை எழுந்து நிற்கிறது. காணிக்காரர்கள் போயா நாட்களில் வீதியில் அமர்ந்து போராடி வருகிறார்கள். அங்கே எந்தச் சுற்றுநிருபமும் வேலை செய்யவில்லை.

ஆகவே சபாத் இல்லத்தை அந்தச் சுற்றுநிருபத்தைக் காட்டி மூடச் சொல்பவர்கள், தங்கள் கையிலேயே ஒருநாள் சுடக்கூடிய கொள்ளியை அரசிடம் எடுத்துக் கொடுக்கிறார்கள். விசா மீறலா, வியாபார உரிமமா, கட்டட அனுமதியா, அதற்கான பொதுச் சட்டங்கள் இருக்கின்றன. அவை ஹோட்டலுக்கும் விகாரைக்கும் தொழுகை வீட்டுக்கும் ஒரே மாதிரி பாய வேண்டும்.

அறுகம்குடாவில் அலைக்காலம் ஒக்டோபரோடு ஓய்ந்துவிடும். பயணிகள் தெற்குக் கரைக்கு நகர்ந்ததும் அந்த வீட்டில் வெள்ளி இரவு பத்துப் பேரைச் சேர்ப்பதே பாடாகிவிடும். விசாவையும் சுற்றுநிருபத்தையும் பற்றிய கேள்விகளோடு பொத்துவில்காரர்கள் அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.