தேமல் தெரிகிறது, வந்த வழி தெரிகிறதா?

வைரஸின் மரபணு வரிசையைப் படிப்பதால் விவசாயிக்குக் காலணா பயனில்லை என்று வாதாடும் கட்டுரை ஒன்றை அண்மையில் படித்தேன். எழுதியவர் வேளாண்மை அறியாதவர் இல்லை. சேலத்து மரவள்ளியையும் எங்கள் சேர்வராயன் மலை மிளகையும் சான்று காட்டித்தான் எழுதியிருக்கிறார். தேமல் விழுந்த இலையை எந்தக் குடியானவனும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான், பிடுங்கி எரித்து மருந்தடிக்க வேண்டியதுதான், இதற்கு எழுத்தெழுத்தாக வரிசை எதற்கு என்று கேட்கிறார். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் இன்று படித்தது நாளைக்கு உதவாதாம். அதோடு விட்டாரா? நோய் பரவுவதற்கெல்லாம் சொந்தக் குச்சியையே திரும்பத் திரும்ப நடும் விவசாயியின் அலட்சியம்தான் காரணம் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

இந்தத் தீர்ப்புக்காகத்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் அவருடைய கண்ணைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டை அடுத்த கிளியூரில் காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், மழை பிடிப்பதற்குள் நட்டுவிட வேண்டும் என்று ஒரு நாற்றுப்பண்ணையில் இருநூறு பை வாங்கிவந்தேன். பைக்கு இரண்டு மூன்று இலை, பச்சைப்பசேல் என்று இருந்தன. இரண்டு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் வருடம் சித்திரை வெயிலில் பத்துப் பதினைந்து கொடிகளில் தளிர் சிறுத்தது. இலையின் ஓரம் நெளிந்தது. நரம்பை ஒட்டி மஞ்சள் தெளித்தாற்போலப் புள்ளி விழுந்தது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி விரற்கடையாகச் சுருங்கியது. பிடித்த சரங்களில் பாதிக்கு மணியே இல்லை. ஆடி மழையில் மலை குளிர்ந்ததும் புதிதாக விட்ட இலைகள் ஏறக்குறைய நல்ல இலைகளாகவே இருந்தன. தேறிவிட்டது என்று நம்பி, அதே கொடிகளிலிருந்து ஓடுகொடி வெட்டி இன்னும் இருபது மரத்துக்கு நட்டேன். அடுத்த கோடையில் அந்த இருபதிலும் மஞ்சள்.

கட்டுரையாளர் நம்பச் சொல்லும் கண் இதுதான். நானும் அதை நம்பித்தான் என் நோயை என் கையாலேயே பெருக்கினேன்.

மிளகுக்கொடியைக் குட்டையாக்கும் நோய்க்கு இரண்டு வைரஸ்கள் காரணம். ஒன்று மிளகு மஞ்சள் தேமல் வைரஸ். ஏறத்தாழ 7,500 எழுத்துகள் கொண்ட வட்டமான டிஎன்ஏ அதன் மரபணுத்தொகுதி. மாவுப்பூச்சி அதைப் பரப்பும். மற்றது வெள்ளரித் தேமல் வைரஸ். அதன் மரபணுத்தொகுதி மூன்று ஆர்என்ஏ துண்டுகள், பரப்புவது அசுவினி. இரண்டும் வெட்டி நடும் கொடி வழியாகவும் போகும். ஒரே கொடியில் இரண்டும் சேர்ந்து குடியிருப்பதும் உண்டு. இலையில் அவை போடும் கோலத்தைப் பார்த்து இது இன்னது என்று பிரிக்க யாராலும் முடியாது. குளிர் மாதங்களில் மஞ்சள் தேமல் மறைந்துகொள்ளும், வெயில் ஏறினால் வெளியே வரும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை. இங்கே வருடத்தில் பல மாதங்கள் நோய்க்கொடியும் நல்ல கொடியும் கண்ணுக்கு ஒன்றுதான். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்பவர், மார்கழியில் ஒருமுறை கிளியூருக்கு வந்து எந்தக் கொடியைப் பிடுங்க வேண்டும் என்று என் தோட்டத்தில் காட்டட்டும்.

பிசிஆர் சோதனையே போதும், முழு வரிசை எதற்கு என்று இடையில் ஒரு பத்தியில் இறங்கிவருகிறார். கண் போதும் என்று தொடங்கியவர் பிசிஆருக்கு வந்து சேர்ந்ததே தன் முதல் வாதத்தைத் தானே கைவிட்டதாகும். இருக்கட்டும். பிசிஆருக்குத் தூண்டிலாகப் போடும் சிறு டிஎன்ஏ துண்டை எதைப் பார்த்துத் தயாரிக்கிறார்கள்? யாரோ முன்பே படித்துவைத்த வரிசையைப் பார்த்துத்தான். மிளகு மஞ்சள் தேமல் வைரஸின் இனத்தில் வரிசை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். தூண்டில் பொருந்தாத இடத்தில் சோதனை நோயில்லை என்று சொல்லும், நோய் இருக்கும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தார் மிளகு வைரஸின் முழு வரிசைகளைப் படித்து வெளியிட்டது ஏட்டில் அடுக்கி அழகு பார்க்க இல்லை. அந்த வரிசைகள்தான் சோதனைக்கு அடிப்படை.

இனி மரவள்ளி. கட்டுரையாளர் தன் பலம் என்று எண்ணி நிற்கும் இடம் இது. அவர் வாதம் முழுவதுமாகச் சரிவதும் இங்கேதான்.

சேலத்துக்கு மரவள்ளி என்ன என்று சேலத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1981 முதல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கிழங்கின் மாவுச்சத்தைக் காட்டும் புள்ளி குறைந்தால் ஆலையில் விலை எப்படி விழும் என்பது ஆத்தூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பயிரைத் தின்னும் தேமல் நோயை இந்தியாவில் 1950களில் பதிவு செய்தார்கள். வெகுகாலம் அதற்கு ஒரே ஒரு வைரஸ்தான் காரணம் என்று இருந்தார்கள், அதற்கு இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ் என்று பெயர். எல்லா வயலிலும் அதே மஞ்சள், அதே சுருளல். கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள், வைரஸின் வரிசையைப் படித்துப் பார்த்தபோதுதான் இங்கேயும் இரண்டாவது ஒன்று இருப்பதையும், தென்னிந்தியாவில் அதுவே அதிகம் பரவியிருப்பதையும் கண்டன. இதன் பெயர் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். இலங்கைச் செடியில் முதலில் அடையாளம் கண்டதால் வந்த பெயர் அது, பிறந்த ஊர் என்று பொருளில்லை. ஐம்பது வருடமாக ஒரே நோய் என்று நாம் பார்த்த தேமலுக்குள் இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ஐம்பது வருடம் கண்ணால் மட்டும் பார்த்ததன் பலன் இதுதான்.

இந்த இரண்டாவது வைரஸின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த வகை வைரஸின் மரபணுத்தொகுதி இரண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். முதல் துண்டு வைரஸைப் பெருக்கும். இரண்டாம் துண்டு அதைச் செடிக்குள் செல்லுக்குச் செல் நகர்த்தும். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இரண்டு வைரஸ்களின் வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் துண்டுகள் தெளிவாக வேறுபட்டன. இரண்டாம் துண்டுகளோ மிக நெருங்கிய உறவாக நின்றன. ஒற்றைத் துண்டோடு வாழ்ந்துவந்த ஒரு வைரஸ், இந்திய மரவள்ளி வைரஸின் இரண்டாம் துண்டைப் பிடித்துக்கொண்டு மரவள்ளிக்குள் குடியேறியிருக்கலாம் என்று அந்த ஆய்வு முடிவுக்கு வந்தது. ஒரு செடியில் இரண்டு வைரஸ் சேர்ந்தால் மூன்றாவது பிறக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 1990களில் உகாண்டாவில் மரவள்ளியை அடியோடு நாசமாக்கிய நோய்க்கிருமியும் இரண்டு வைரஸ் கலந்து பிறந்த கலப்பினம்தான். அதையும் வரிசை படித்தே கண்டார்கள்.

வைரஸ் மாறும், ஆகவே படிக்க வேண்டாம் என்ற வாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு போக்கு மாற்றிக்கொள்ளும், ஆகவே கரையைக் கவனிக்க வேண்டாம் என்பது போன்ற பேச்சு இது. மாறுவதால்தான் தடம் கிடைக்கிறது. எழுத்து மாறாத வைரஸை எத்தனை முறை படித்தாலும் அது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று தெரியாது. இரண்டு வயல்களின் வைரஸ்கள் ஒரே மாற்றங்களைச் சுமந்து நின்றால் அவை உறவு. மாற்றங்கள் விலகி நின்றால் தூரத்து உறவு. இந்த எளிய கணக்கையே மறுத்துவிட்டு வைரஸ் பரவுவதைப் பற்றி இவர் எப்படிக் கட்டுரை எழுதினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இப்போது விவசாயியின் அலட்சியம் என்ற தீர்ப்புக்கு வருகிறேன்.

மரவள்ளியில், நடும் கரணையோடு வந்த நோய் அடி இலையிலிருந்தே தெரியும், வெள்ளை ஈ கொண்டுவந்தது மேல் இலைகளில் தொடங்கும். அனுபவசாலி இதைக் கண்ணால் சொல்வார், மறுக்கவில்லை. ஆனால் கரணையில் வந்தது என்று தெரிந்தால் விவசாயிதான் குற்றவாளி என்று ஆகிவிடுமா? அந்தக் கரணை யார் வயலில் வெட்டியது? அதற்கு முந்தியது எந்த மாவட்டத்து லாரியில் வந்தது? அந்தக் கேள்விகளுக்குக் கண்ணில் பதில் கிடையாது.

2015இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் தேமல் விழுந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதுவரை இந்த நோய் இல்லை. வரிசையைப் படித்தபோது அது நம் பக்கத்து வைரஸ், அதே இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று தெரிந்தது. 2017இல் வியட்நாம், 2018இல் தாய்லாந்து, சீனா என்று அது பரவியது. அந்த நாடுகளில் எடுத்த வைரஸ்கள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக ஒத்திருந்தன. பல இடங்களிலிருந்து பல தடவை வந்திருந்தால் அப்படி ஒத்திருக்காது. வெள்ளை ஈ வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பறக்காது. மனிதர் கையில் கடந்த நோய் அது, பிறகு எல்லை தாண்டிய குச்சி வியாபாரத்தில் பரவியது. ரத்தனகிரி விவசாயி அலட்சியமாக இருந்ததால் இலங்கை வைரஸ் அவர் வயலில் முளைத்தது என்று இவர் சொல்வாரா?

நம் ஊரிலும் அப்படித்தான். சுத்தமான கரணை போதுமான அளவு கிடைக்காத நாட்டில், பக்கத்து வயலில் கிடைத்ததை நடுபவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். தடம் கண்டுபிடிக்கும் கருவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தடம் தெரியாத குற்றத்தை ஏழையின் தலையில் கட்டுவது இரட்டை அநியாயம். கட்டுரையாளர் இரண்டையும் ஒரே கட்டுரையில் செய்திருக்கிறார்.

வாழையைப் பற்றி ஒரு வார்த்தை. கீழ்ப்பழனி மலையில் ஒரு காலத்தில் 18,000 ஹெக்டேரில் விளைந்த மலைவாழை, முடிக்கொத்து வைரஸ் நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பிடுங்கி எரிக்கும் யோசனை அங்கேயும் இருந்தது. கண்ணும் இருந்தது. பிடுங்கின இடத்தில் வைக்கக் கிடைத்த கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.

செலவு என்று அவர் எழுப்பும் பூச்சாண்டிக்கு அதிகம் பேசத் தேவையில்லை. கையடக்க வரிசைக் கருவியை எடுத்துக்கொண்டு விஞ்ஞானி லாரா பாய்கின் குழுவினர் தான்சானியா, உகாண்டா, கென்யா வயல்களுக்கே போய், மரத்தடியில் உட்கார்ந்து மரவள்ளி வைரஸைப் படித்தார்கள். 2019இல் அந்த அனுபவம் ஆய்விதழில் வெளியானது. கொரோனா காலத்தில் நம் அரசு மாதிரிகளைப் பெங்களூருவுக்கு அனுப்பிவிட்டுக் காத்துக்கிடந்தது. 2021 செப்டம்பரில் சென்னையில் சொந்த மரபணு ஆய்வகம் திறந்த பிறகு முடிவு கையருகே வந்தது. மனிதருக்குச் செய்ததைக் கிழங்குக்கும் கொடிக்கும் செய்ய நாட்டில் அறிவு இல்லாமல் இல்லை. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏற்காட்டிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு செடியையும் படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வட்டாரத்துக்குச் சில மாதிரிகள், நாற்றுப்பண்ணைக்கு வெட்டும் தாய்ச்செடிகள், இவற்றைப் படித்தால் போதும்.

வரிசை படிப்பது மருந்து இல்லை என்ற ஒரு வரியில் மட்டும் அவரோடு ஒத்துப்போகிறேன். வைரஸ் புகுந்த கொடியைக் குணமாக்க மருந்தே கிடையாது. அவர் அடிக்கச் சொல்லும் மருந்தும் பூச்சியைத்தான் கொல்லும், கொடிக்குள் இருக்கும் வைரஸைத் தொடாது. நோயில்லாத நாற்றும், நோய் தாங்கும் ரகமும்தான் வழி. நைஜீரியாவிலிருந்து வந்த ஸ்ரீ பத்மநாபா போன்ற மரவள்ளி ரகத்தை ஒரு வட்டாரத்தில் பரிந்துரைக்கும்போது, அது எந்த வைரஸுக்கு எதிராகத் தாங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டு வைரஸ் இருக்கும் நாட்டில் ஒன்றுக்கு மட்டும் சோதித்த ரகத்தைக் கொடுத்தால், மூன்றாம் வருடம் நட்டம் யாருக்கு?

அந்த இருநூறில் நோய் கண்ட கொடிகளையும், அவற்றிலிருந்து வெட்டி நட்ட இருபதையும் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டேன். மற்றவை சுத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த வருடமும் மழைக்கு முன் சேர்வராயன் மலையில் ஆயிரக்கணக்கில் மிளகு நாற்று ஏறும். வாங்கப் போகும் தோட்டக்காரர்களே, இலை பசுமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். தாய்க்கொடி சோதிக்கப்பட்டதா, எந்த வைரஸுக்குச் சோதித்தார்கள், முடிவு எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.