பிறக்காத ஓவியரின் வாழ்க்கை வரலாறு

சார்லி சான் ஹாக் சாய் 1938ல் பிறந்த சிங்கப்பூரர். பதின்ம வயதிலேயே சித்திரக்கதை வரையத் தொடங்கியவர். காசு சேர்க்கவில்லை, பெயரும் கிடைக்கவில்லை. வரைந்தவற்றில் பெரும்பகுதியை யாரும் படிக்கவில்லை. ஆனாலும் முதுமை வரை தூரிகையைக் கீழே வைக்காதவர். அவருடைய பழுப்பேறிய பக்கங்கள், ஓரம் கிழிந்த அட்டைகள், எண்ணெய் வண்ண ஓவியங்கள் எல்லாம் ஒரே புத்தகத்தில் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

இதில் எதுவுமே நடந்ததில்லை. அப்படி ஓர் ஓவியர் பிறக்கவே இல்லை. மலேசியாவின் சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சோனி லியூ என்ற ஓவியர் அவரைப் படைத்தார். பழைய தாளின் கறையிலிருந்து ஒவ்வொரு காலத்துக்கும் உரிய ஓவியப் பாணி வரை அத்தனையையும் தானே வரைந்தார். ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்’ என்ற அந்தச் சித்திர நாவலை எபிகிராம் புக்ஸ் 2015ல் வெளியிட்டது. இந்த வாரம் அதை மறுபடி படித்தேன். தமிழ் வாசகர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தப் பத்தி.

சார்லி வரைந்ததாகச் சொல்லப்படும் கதைகளைப் பாருங்கள். ஒன்றில் சீன மொழியில் ஆணையிட்டால் மட்டுமே அசையும் ராட்சத இயந்திர மனிதன் வருகிறான். இன்னொன்றில், இரவில் மலவாளி சுமக்கும் தொழிலாளியைக் கரப்பான்பூச்சி கடிக்கிறது. அவருக்கு அபூர்வ சக்தி வருகிறது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியை ஆளும் கதையும் உண்டு. பார்வைக்கு எல்லாம் மாயாஜாலம். ஆனால் அந்த வேற்றுக்கிரகவாசிகள் வேறு யாருமல்லர், வெள்ளைக்கார ஆட்சியாளர்கள்தாம். இயந்திர மனிதனுக்குப் பின்னால் 1950களின் சீனப் பள்ளி மாணவர் போராட்டங்கள் நிற்கின்றன. 1955 மே மாதம் நால்வர் உயிரிழந்த ஹாக் லீ பேருந்துக் கலவரமும் 1963 பிப்ரவரி 2ஆம் தேதி நடந்த ஆப்பரேஷன் கோல்ட்ஸ்டோர் அரசியல் கைதுகளும் இந்த நூலுக்குள் வருகின்றன.

எல்லாவற்றிலும் துணிச்சலானது, வரலாறு வேறு திசையில் திரும்பிவிட்ட ஒரு சிங்கப்பூரைக் காட்டும் கதை. அங்கே பிரதமர் லீ குவான் இயூ அல்லர், லிம் சின் சியோங். அந்த நாட்டில் சார்லி புகழ்பெற்ற ஓவியர்.

லிம் கற்பனைப் பாத்திரம் அல்லர். 1954ல் லீயோடு சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர். 22 வயதில் சட்டமன்றத்துக்குத் தேர்வானவர். 1961ல் பிரிந்துபோய் பாரிசான் சோசியலிஸ் கட்சியை வழிநடத்தியவர். ஆப்பரேஷன் கோல்ட்ஸ்டோரில் 1963ல் மீண்டும் கைதாகி, 1969ல் விடுதலையாகி, பல ஆண்டுகள் லண்டனில் வாழ்ந்தவர்.

பொய்யும் மெய்யும் இப்படிக் கலக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தமிழர்களுக்கு இது புதிதல்ல. வந்தியத்தேவன் சோழர் வரலாற்றில் இருந்தவன். பூங்குழலி கல்கியின் கற்பனை. இருவரையும் ஒரே படகில் ஏற்றி அனுப்பினார் அவர். அந்தக் கதையைப் படித்த பிறகு உடையாளூருக்கும் தஞ்சைக்கும் போய்க் கல்வெட்டுகளைத் தேடியவர்கள் எத்தனையோ பேர். நல்ல கற்பனை வாசகரை ஏமாற்றிவிட்டு ஓடிவிடுவதில்லை. எது நடந்தது என்று தேடிப் பார்க்கத் தூண்டுகிறது. சோனி லியூவின் நூல் ஒருபடி மேலே போகிறது. சித்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் நிஜச் சம்பவங்களை நூலின் கடைசியில் குறிப்புகளாகவே தந்திருக்கிறார்.

என்னையும் அது தேடவைத்தது. தேடியபோது நம் பக்கத்துப் பெயர்கள் கிடைத்தன. லிம் 1963க்கு முன்பும் சிறையில் இருந்தவர். 1959 ஜூனில் அவரோடு வெளியே வந்தவர்களில் மூவர் தேவன் நாயர், ஜேம்ஸ் புதுச்சேரி, செம்பவாங் கடற்படைத் தளத் தொழிற்சங்கத்தை வழிநடத்திய சாண்ட்ரா உட்ஹல். சில ஆண்டுகளில் பாதைகள் பிரிந்தன. புதுச்சேரியும் உட்ஹல்லும் 1963ல் மீண்டும் கைதானார்கள். பின்னாளில் மலேசியாவில் வழக்கறிஞர்களாக வாழ்ந்தார்கள். தேவன் நாயர் 1981ல் சிங்கப்பூரின் அதிபரானார்; 1985ல் பதவி விலகினார்; 2005ல் கனடாவில் காலமானார். அதே 1963 கைதில் சிக்கிய ஜேம்ஸின் தம்பி டொமினிக்கின் மகன் ஜனில் புதுச்சேரி, 2011ல் ஆளும் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருப்போமா?

புத்தகம் வெளியாவதற்கு முதல்நாள், கொடுத்திருந்த 8,000 வெள்ளி மானியத்தைத் தேசிய கலைகள் மன்றம் மீட்டுக்கொண்டது. அரசாங்கத்தின், பொது அமைப்புகளின் அதிகாரத்தைக் குலைக்கக்கூடும் என்பது மன்றம் சொன்ன காரணம். அட்டையிலிருந்த மன்றச் சின்னத்தின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி விற்றார்கள். முதல் பதிப்பு விரைவிலேயே தீர்ந்தது. 2016ல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்ற முதல் சித்திர நாவல் என்ற பெயரும், 2017ல் மூன்று ஐஸ்னர் விருதுகளும் அதற்குக் கிடைத்தன. மன்றத்தின் அச்சம் தேவையற்றது என்றே நான் கருதுகிறேன். இப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று குடிமக்கள் கேட்பதால் நாடு பலவீனமாகாது. கேட்கத் தெரியாத தலைமுறைதான் பலவீனம்.

நான் வசிக்கும் ஆங் மோ கியோ, 1973ல் கட்டத் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகரம். அதற்கு முன்னிருந்த கம்பத்துக் கிராமங்களின் சுவடு இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய கடற்படைத் தளத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயும் ஈசூனிலும் வளர்கிறார்கள். தாத்தா எந்த வேலைநிறுத்தத்தில் நின்றார், எந்தக் கூட்டத்தில் பேசினார் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பார்க்க இடம் மிஞ்சாத ஊரில் கதைதான் நினைவைச் சுமக்க வேண்டும். நம் தொழிலாளிகளை, நம் பெண்களை, சிராங்கூன் சாலையின் அச்சுக்கூடங்களை வைத்துத் தமிழில் இப்படி ஒரு சித்திர நாவல் வரவேண்டும். வரையத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். எது நடந்தது, எது நடக்காதது என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். வீட்டில் எண்பதைக் கடந்த பெரியவர் இருந்தால், 1950களைப் பற்றி அவரிடம் கேட்டு இந்த வாரமே எழுதி வையுங்கள். நமக்கான சித்திர நாவல் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் வர முடியும்.