ஒன்பது ஆஸிக்கு... மிச்சம் அஞ்சு யாருக்கு?

ஒரு சின்ன க்விஸ்ஸோட ஆரம்பிப்போமா?

பிளாக் சபாத் போட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் மொத்தம் 19. அதுல ஒன்பது, ஆஸி ஆஸ்போர்ன் பாடினது. ரானி ஜேம்ஸ் டியோ மூணு. இயன் கில்லன் ஒண்ணு, க்ளென் ஹ்யூஸ் ஒண்ணு. விரல் விட்டு எண்ணுங்க... 14-தான் வருது. மிச்சம் அஞ்சு எங்கே போச்சு?

டோனி மார்ட்டின்! பேரே கேள்விப்பட்டதில்லையா? உங்க மேல தப்பில்லை பாஸ். சபாத் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு கேம்பஸைச் சுத்துற சீனியரைக் கேட்டுப் பாருங்க. அவரும் முழிப்பார். ஆஸிக்கு அடுத்தபடியா அந்த பேண்டுக்காக அதிக ஆல்பம் பாடின மனுஷன் இவர்தான். ஆனா, சபாத் கதையை யார் சொன்னாலும் 1982-ல இருந்து ஒரே தாவு தாவி 1997-ல போய்த்தான் நிப்பாங்க. நடுவுல இருக்கிற பதினஞ்சு வருஷம், ஏதோ குடும்பத்துல பேசக் கூடாத விஷயம் மாதிரி!

அந்தப் பதினஞ்சு வருஷம்தான் இந்த வார மேட்டர்.

முன்கதையை வேகமா ஓட்டிடலாம். இங்கிலாந்து, பர்மிங்ஹாம், ஆஸ்டன் ஏரியா. ஃபேக்டரிப் புகைக்கு நடுவுல 1968-ல நாலு பசங்க சேர்றாங்க. கிட்டார் டோனி ஐயோமி, பேஸ் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட், பாட்டு ஆஸி. ஐயோமிக்கு 17 வயசிலேயே தகரம் வெட்டுற மெஷின்ல சிக்கி ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்ச ஆள். இந்தப் பிடிவாதத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். 1970-ல முதல் ரெண்டு ஆல்பம், ஹெவி மெட்டல்னு ஒரு ஜாதி சங்கீதமே பொறந்தாச்சு. 1979-ல குடி, போதைன்னு ஆஸி கையை மீறிப் போக, அவரை அனுப்பிட்டாங்க.

வந்தவர் டியோ. 'ஹெவன் அண்ட் ஹெல்' 1980-ல வந்தப்போ, ஆஸி இல்லாமலும் சபாத் உயிரோட இருக்கும்னு ஜனங்க ஒத்துக்கிட்டாங்க. அதுவும் ரெண்டே வருஷம். லைவ் ஆல்பம் மிக்ஸிங்ல சண்டை வந்து டியோ அவுட். அப்புறம் டீப் பர்ப்பிள்ல இருந்து இயன் கில்லன் வந்து 1983-ல ஒரே ஒரு ஆல்பம். அந்த டூருக்கு ஸ்டோன்ஹெஞ்ச் செட் போட்டாங்க பாருங்க... பாதி மேடைகளுக்குள்ள அது நுழையவே இல்லை! 1986-ல க்ளென் ஹ்யூஸ். ஐயோமி தன் சொந்தப் பேர்ல போட நினைச்ச ஆல்பம் அது. கம்பெனி சும்மா விடுமா? சபாத்ங்கிற பேரை ஒட்டித்தான் வித்தாங்க. டூர்ல நாலஞ்சு ஷோ தாண்டறதுக்குள்ள ஹ்யூஸும் அவுட். அடுத்து ரே கில்லன். (முந்தின கில்லன் வேற, இவர் வேற. குழப்பிக்காதீங்க.)

ரே கில்லன் ஒரு முழு ஆல்பத்தையே பாடி முடிச்சிட்டு, அது கடைக்கு வர்றதுக்குள்ள கிளம்பிட்டார். இந்த இடத்துலதான் மார்ட்டின் என்ட்ரி. அவரும் பர்மிங்ஹாம்காரர்தான், முப்பதைத் தொடுற வயசு. வேலை என்ன தெரியுமா? இன்னொருத்தர் பாடி வெச்ச அதே பாட்டு, அதே மெட்டு, அதே வார்த்தை. மேல உட்கார்ந்து திரும்பப் பாடணும்! உங்க க்ளாஸ்ல ஒருத்தன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை முடிச்சிட்டுக் காலேஜை விட்டுப் போறான், நீங்க அதுக்கு வைவா அட்டெண்ட் பண்ணணும்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் வந்தது 'தி எடர்னல் ஐடல்', 1987. முதல் பாட்டு 'தி ஷைனிங்' கேளுங்க. இரவல் சட்டை போட்டவர் மாதிரி ஒரு கூச்சம் கூட அந்தக் குரல்ல இருக்காது.

ஆனா வந்த நேரம் சரியில்லை. அதே 1987-ல நிறவெறி ஆட்சி நடந்துக்கிட்டிருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போய், சன் சிட்டியில பேண்ட் கச்சேரி பண்ணிச்சு. உலகக் கலைஞர்கள் பலர் புறக்கணிச்ச இடம் அது. கெட்ட பேர் வந்தது, நியாயமாத்தான் வந்தது. ஆல்பமும் போணியாகலை. பெரிய ரெக்கார்ட் கம்பெனிகள் கையைக் கழுவிட்டாங்க.

இப்போ ஐயோமியோட பிடிவாதம். 'தி போலீஸ்' பேண்டின் மேனேஜரா இருந்த மைல்ஸ் கோப்லேண்டோட சின்ன கம்பெனி ஐ.ஆர்.எஸ்-ல போய்ச் சேர்றார். டிரம்ஸுக்கு ரெயின்போ புகழ் கோஸி பவலைப் பிடிச்சுட்டு வர்றார். 1989 ஏப்ரல்ல 'ஹெட்லெஸ் க்ராஸ்'.

இந்த ஆல்பத்துல கொஞ்சம் நிக்கணும்.

நல்ல ஹெட்போன் இருந்தா மாட்டிக்கங்க. ஒரு நிமிஷத்துக்குச் சும்மா காத்து, முனகல், இருட்டு. அப்புறம் பவலோட டிரம்ஸ் விழும் பாருங்க... அடி ஒவ்வொண்ணும் கோட்டைக் கதவைச் சாத்தற மாதிரி இருக்கும். அவசரமே கிடையாது. அது மேல ஐயோமியோட ரிஃப். அதுக்கும் மேல மார்ட்டின். ஆஸி பாடும்போது பல பாட்டுல குரல் கிட்டார் பின்னாடியே நடக்கும். 'அயர்ன் மேன்' கேளுங்க, ரிஃப் எப்படிப் போகுதோ அப்படியே குரலும் போகும். அதுல ஒரு பயம் இருக்கும், அதுதான் அதோட அழகு. மார்ட்டின் அப்படியில்லை. கிட்டார் கீழே பூமியைத் தோண்டிக்கிட்டு இருக்கும்போது இவர் மேலே தனியா ஒரு மெட்டு கட்டிக்கிட்டுப் போவார். டியோ காப்பின்னு அப்பவே கிண்டல் பண்ணினாங்க. எனக்கு அப்படித் தோணலை. டியோ கட்டளை போடற ராஜான்னா, மார்ட்டின் சேதி கொண்டு வர்ற ஆள். மூச்சு வாங்க ஓடி வந்து, நடந்ததைச் சொல்றவர்.

ஹெட்லெஸ் க்ராஸ்ங்கிறது பர்மிங்ஹாமுக்குக் கொஞ்ச தூரத்துல, ரெடிச் டவுன்ல நிஜமாவே இருக்கிற ஒரு ஏரியா பேர். அதை வெச்சுக் கொள்ளைநோய் வந்து அழிஞ்ச ஊர் கதையைப் பாடறாங்க. 'வென் டெத் கால்ஸ்' பாட்டுல ஒரு கிட்டார் சோலோ வரும். ஐயோமி கை இல்லையேன்னு சந்தேகம் வந்தா நீங்க கில்லாடி. அது 'குயின்' பேண்ட் பிரையன் மே! கடைசிப் பாட்டு 'நைட்விங்'. ராத்திரி லைட்டை அணைச்சிட்டுக் கேளுங்க, அவ்ளோதான் சொல்வேன். சாத்தான், சாத்தான்னு ஆல்பம் முழுக்க ஒரே பல்லவி, அது கொஞ்சம் ஓவர்தான். ஆனா அலுக்கிறதுக்குள்ள எட்டுப் பாட்டும் முடிஞ்சிடும்.

அடுத்த வருஷமே 'டிர்'. அட்டையில பேரே பழைய ரூன் எழுத்துல இருக்கும். சாத்தானுக்கு லீவு விட்டுட்டு வைக்கிங் சாமிகள் பக்கம் போயிட்டாங்க. ஓடின், வல்ஹல்லான்னு மூணு பாட்டு சங்கிலி மாதிரி வரும். இன்னிக்கு வைக்கிங் மெட்டல்னு ஒரு கூட்டமே இருக்கு. 1990-ல சபாத் பேர்ல இது வந்தப்போ, 'இது எங்க சபாத் இல்லையே'ன்னுதான் பலர் பார்த்தாங்க. கீபோர்டு தூக்கல், நடுவுல ஒரு காதல் பாட்டு வேற. அந்தக் காதல் பாட்டை நீங்க தாண்டிப் போகலாம், பாவம் ஒண்ணும் வராது.

இப்படி மெதுவா ஒரு பேண்ட் செட் ஆகிட்டு வரும்போது என்ன நடந்திருக்கணும்? மூணாவது ஆல்பம். நடந்தது என்ன? டியோவைத் திரும்பக் கூப்பிட்டாங்க. 1992-ல 'டீஹ்யூமனைஸர்'. நல்ல ஆல்பம், மறுக்கலை. ஆனா அதே வருஷம் நவம்பர்ல, கலிஃபோர்னியாவில ஆஸியோட ஓய்வுக் கச்சேரிக்கு (ஓய்வுன்னு அப்போ சொன்னாங்க!) முன்னாடி சபாத் வாசிக்கணும்னு ஏற்பாடு. ஆஸிக்கு முன்னாடி நான் பாடறதான்னு டியோ வெளியேறிட்டார். ரெண்டு ராத்திரிக்கு ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் வந்து மானத்தைக் காப்பாத்தினார். அப்புறம்? போன் மறுபடியும் மார்ட்டினுக்கு!

1994-ல 'க்ராஸ் பர்ப்பஸஸ்'. கீஸர் பட்லர் பேஸ் வாசிச்சார். 'ஈவில் ஐ' பாட்டு உருவானதுல எட்டி வான் ஹாலனுக்குப் பங்கு உண்டு, அட்டையில பேர் கிடையாது. மார்ட்டின் ஆல்பங்கள்ல ரொம்பக் குறைச்சலாப் பேசப்படறது இதுதான். என்னைக் கேட்டா 'க்ராஸ் ஆஃப் தார்ன்ஸ்' ஒரு பாட்டுக்காகவே வாங்கி வைக்கலாம். 1995-ல 'ஃபர்பிட்டன்'. 'பாடி கவுண்ட்' பேண்டோட எர்னி சி தயாரிப்பு, முதல் பாட்டுல ஐஸ்-டி வந்து பேசிட்டுப் போறார். ராப் கலந்தா பசங்க வாங்குவாங்கன்னு யாரோ போட்ட கணக்கு. டிரம்ஸ் சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டற மாதிரி. கோஸி பவலோட டிரம்ஸை அப்படிப் பதிவு பண்ணினதே ஒரு பாவம்.

1997-ல ஆஸி திரும்பினார். மார்ட்டின் கதை அத்தோட சரி. 2006-ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கொடுத்தப்போ, ஆரம்ப நாலு பேருக்கு மட்டும்தான். டியோவுக்கே இல்லை, மார்ட்டினுக்கு எங்கே? அதைவிடக் கொடுமை ஒண்ணு. ஐ.ஆர்.எஸ்-ல வந்த நாலு ஆல்பமும் வருஷக்கணக்கா மறுபதிப்பே இல்லாமக் கிடந்தது. உலகத்துப் பாட்டெல்லாம் ஸ்ட்ரீமிங்ல வந்த பிறகும் இது மட்டும் வரலை. பழைய சி.டி. வெச்சிருந்தவங்க அதைச் சொத்து மாதிரி காப்பாத்தினாங்க. காசெட்டுல இருந்து மாத்தி, நண்பனுக்குக் கொடுத்து, அவன் இன்னொருத்தனுக்குக் கொடுத்து... இந்த ஆல்பங்கள் மறக்காம இருந்ததே ரசிகர்களாலதான்.

அயர்ன் மெய்டன் கதையை இதோட வெச்சுப் பாருங்க. ப்ரூஸ் டிக்கின்சன் போனப்போ ப்ளேஸ் பெய்லி வந்து ரெண்டு ஆல்பம் பாடினார், வாங்கிக் கட்டிக்கிட்டார். 1999-ல ப்ரூஸ் திரும்பினார். ஆனா பெய்லி பாடின 'சைன் ஆஃப் தி க்ராஸ்', 'தி க்ளான்ஸ்மேன்' ரெண்டையும் ப்ரூஸே மேடையில பாடறார். ஸோ, பாடினவர் போனாலும் பாட்டு குடும்பத்துக்குள்ள இருக்கு. சபாத்ல அது நடக்கலை. ஆஸியோட சேர்ந்தா ஆஸி பாட்டு. 2006-ல டியோவோட சேர்ந்தப்போ பேண்ட் பேரையே 'ஹெவன் அண்ட் ஹெல்'னு மாத்தி, டியோ பாட்டு மட்டும். மார்ட்டின் பாட்டுக்கு மேடையே இல்லை.

'ஆஸி இல்லாம சபாத்தா?'ன்னு உங்க ரூம்மேட் எகிறுவான். அவனை அடிக்காதீங்க, அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அந்த நாலு பேர் சேர்ந்தா வர்ற சத்தம் வேற யாருக்கும் வராது. 2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்துல, உடம்பு முடியாம சிம்மாசனத்துல உட்கார்ந்தபடி ஆஸி பாடினார். பாடின நாலு சபாத் பாட்டும் 1970-ல வந்தது. பதினேழே நாள்ல, ஜூலை 22-ல, போயிட்டார். அந்த மேடையில மார்ட்டினுக்கு இடம் கேட்கறது என் நோக்கமில்லை. ரூம்மேட்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: ஹெட்லெஸ் க்ராஸ் அட்டையில வேற ஏதோ பேண்ட் பேர் இருந்திருந்தா, அதைக் கேட்டிருப்பியா இல்லையா? ஒரு பேர் பாட்டுக்காரனுக்குச் சோறு போட்டது. அதே பேர்தான் அவரைக் கேட்க விடாமலும் பண்ணிச்சு.

2024 மே மாசம் அந்த நாலு ஆல்பமும் 'அன்னோ டொமினி 1989-1995'ங்கிற பேர்ல ஒரே பெட்டியா வந்தாச்சு. ஃபர்பிட்டனை ஐயோமியே உட்கார்ந்து புதுசா மிக்ஸ் பண்ணியிருக்கார். இப்பத்தான் புதுப் பசங்க நிறைய பேர், ஆஸியா மார்ட்டினாங்கிற பழைய சண்டை எதுவும் மண்டையில இல்லாம, சும்மா ஒரு மெட்டல் ஆல்பமா இதையெல்லாம் கேட்கறாங்க. கோஸி பவல் இதைப் பார்க்கலை. 1998-லயே கார் விபத்துல போயிட்டார்.

எங்கே ஆரம்பிக்கிறது? 'ஹெட்லெஸ் க்ராஸ்' முதல்ல, வரிசை மாத்தாம. ஒரு வாரம் கழிச்சு 'டிர்'. பிடிச்சிருந்தா 'க்ராஸ் பர்ப்பஸஸ்'. 'எடர்னல் ஐடல்' அந்தப் பெட்டியில வராது, அது வேற கம்பெனி, தனியாத் தேடிக்கங்க. அதோட 2010 பதிப்பு கிடைச்சா ரே கில்லன் பாடினதும் இருக்கும், ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்கலாம். 'ஃபர்பிட்டன்' கடைசிதான், அதுவும் 2024 மிக்ஸ் மட்டும். ஐஸ்-டி வர்ற இடத்துல சிரிப்பு வந்தா அடக்க வேண்டாம்.