நாற்காலி காலியாகும் முன்பே சொல்லிவிடுங்கள்

அமெரிக்க செனட்டின் நீதித்துறைக் குழுத் தலைவர் சக் கிராஸ்லி அவர்களுக்கு,

2016 ஏப்ரலில் மெரிக் கார்லண்டை அழைத்துக் காலைச் சிற்றுண்டி அளித்தீர்கள். ஒபாமா அவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. உங்கள் குழு ஏன் அவரை விசாரணை அமர்வுக்கு அழைக்கப்போவதில்லை என்பதை எதிரே உட்கார்ந்து விளக்கினீர்கள். மரியாதையில் குறை வைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு நாடே பார்க்க, குழுவின் அறையில் நடந்திருக்க வேண்டியது.

உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா இறந்து அந்த இடம் காலியானது அவ்வாண்டு பிப்ரவரி 13-ல். தேர்தலுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் இருந்தது. பத்தே நாளில் உங்கள் குழுவின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 11 பேரும், அடுத்த அதிபர் பதவியேற்கும்வரை யாருக்கும் அமர்வு இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். ஒபாமா அப்போது ஒரு பெயரைக்கூடச் சொல்லியிருக்கவில்லை. பேச்சில் அடிபட்ட பெயர்களில் ஸ்ரீ சீனிவாசன் ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம். வாஷிங்டன் சண்டையைத் தமிழர்களான எங்களில் சிலர் உன்னிப்பாகக் கவனித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2013-ல் அவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97-0 என்று அனுப்பிவைத்தது இதே செனட்தான். அவரையே முன்மொழிந்திருந்தாலும் கதவு திறந்திருக்காது.

மறுக்க செனட்டுக்கு உரிமை இல்லை என்று நான் வாதிடவில்லை. உங்கள் கட்சியிடம் 54 இடங்கள் இருந்தன. கார்லண்டை உட்காரவைத்து, கேள்வி கேட்டு, வாக்கெடுப்பில் தோற்கடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு செனட்டரும் தன் மாநில மக்களிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அமர்வே இல்லையென்றால் அந்தச் சங்கடம் கிடையாது. 293 நாள் கிடந்த முன்மொழிவு 2017 ஜனவரி 3-ல் தானாகக் காலாவதியானது. இடையில் எட்டுப் பேர் நீதிமன்றம் நடத்தினார்கள். ஆவணமற்ற பெற்றோர் லட்சக்கணக்கானோருக்கு ஒபாமா அறிவித்த குடியேற்றத் திட்டம் 4-4 என்று பிரிந்த ஒருவரித் தீர்ப்பில் முடங்கியது.

தேர்தல் ஆண்டில் நியமிப்பது வழக்கமில்லை என்றார்கள் உங்கள் கட்சியினர். 1988 தேர்தல் ஆண்டுதானே? அந்தப் பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்த செனட், ரீகன் முன்மொழிந்த ஆந்தனி கென்னடியை 97-0 என்று உறுதி செய்தது. அந்த 97-ல் உங்கள் வாக்கும் ஒன்று. (முன்மொழிந்தது முந்தைய நவம்பரில் என்பீர்கள். சரி, வாக்கு விழுந்தது எப்போது?) தேர்தல் முடியும்வரை யாரையும் முன்மொழிய வேண்டாம் என்று 1992 ஜூனில், செனட்டராக இருந்த பைடன் பேசியதையும் எடுத்துக்காட்டினீர்கள். பேசியது உண்மை, அது அவருக்கும் பெருமை சேர்க்கும் பேச்சல்ல. ஆனால் அன்று காலியிடம் எதுவும் இல்லை, யாரும் வாசலில் நிறுத்தப்படவும் இல்லை.

உங்களிடம் எனக்கு மதிப்பு வந்தது 2018-ல். 2020-ல் இடம் காலியாகி, நீங்கள் குழுத் தலைவராகவும் இருந்தால், அதற்கான முன்மொழிவைப் பரிசீலனைக்கு எடுக்க மாட்டேன் என்றீர்கள். தன் கட்சிக்கு நட்டம் வந்தாலும் விதி விதிதான் என்று சொல்ல ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்தேன். 2020 செப்டம்பர் 18-ல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு 46 நாள். தலைவர் நாற்காலியில் இருந்தவர் லிண்ட்சே கிரஹாம். முடிவு என் கையில் இல்லை என்று நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். அக்டோபர் 26-ல், அவர் இடத்துக்கு டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பேரட்டுக்கு ஆதரவாக வாக்கும் அளித்தீர்கள். 52-48. அதற்குள் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் முன்கூட்டியே வாக்களித்து முடித்திருந்தார்கள். அதிபரும் செனட்டும் வெவ்வேறு கட்சியாக இருந்தால்தான் தடை என்பது செனட்டில் அப்போது உங்கள் கட்சித் தலைவராக இருந்த மெக்கானலின் விளக்கம். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதைத்தான் அவர் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னார்.

2025 ஜனவரியிலிருந்து மீண்டும் நீங்களே தலைவர். உங்கள் நீதிபதிகளுக்கு ஓய்வு வயது கிடையாது. எந்த இருக்கை எந்த மாதம் காலியாகும், அப்போது யார் அதிபர், செனட் யார் கையில் என்று எவருக்கும் தெரியாது. விதி எழுத இதைவிடத் தோதான நேரம் வராது. முன்மொழிந்த இத்தனை நாளுக்குள் அமர்வு, இத்தனை நாளுக்குள் வாக்கெடுப்பு, தேர்தல் ஆண்டானாலும் சரி என்று குழுவின் விதிகளில் சேருங்கள். 60 நாளா, 90 நாளா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதத்தை விலக்கிவைத்தாலும் எனக்கு மறுப்பில்லை, இரு கட்சியையும் அது ஒரேபோல் கட்டுப்படுத்தினால். அடுத்து வருபவர் விதியை மாற்றிவிடுவார் என்பீர்கள். மாற்றட்டும், யார், எப்போது, யாருக்காக மாற்றினார் என்பது அவர் பெயரில் பதிவாகும்.

விதி எழுதுவது முடியாதென்றால், ஒரு கேள்விக்காவது எழுத்தில் பதில் தாருங்கள். 2028 பிப்ரவரியில் ஓர் இருக்கை காலியாகி, அதிபர் ஒருவரை முன்மொழிந்தால், அவருக்கு அமர்வு நடத்த வேண்டும் என்பீர்களா, கூடாது என்பீர்களா? அதிபர் எந்தக் கட்சி, செனட் எந்தக் கட்சி என்று திருப்பிக் கேட்காமல் சொல்லுங்கள். உங்கள் பதவிக்காலம் 2029 ஜனவரி வரை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்