அடுப்படிப் புகையும் கருவிலுள்ள சேயும்

கல்லூரிப் பெருவிழா மலரிலே தமிழாசிரியன் எழுதப் புகுந்தால் இலக்கியச் சுவையையே பேசுவான் என்று அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பே. யானும் ஓர் இலக்கியக் காட்சியிலிருந்தே தொடங்குகின்றேன். குறுந்தொகையிலே கூடலூர் கிழார் பாடிய செய்யுளொன்று உண்டு. புதிதாக இல்லறம் புகுந்த பெண் கணவனுக்கெனத் தானே சமைக்கின்றாள். தாளிப்புப் புகை அவள் கண்களிற் படிகின்றது. கணவன் உண்டு மகிழ, அவள் முகம் மெல்ல மலர்கின்றது. ஆண்டுதோறும் அச்செய்யுளைப் பாடஞ் சொல்லி இல்லறத்தின் அழகை வியந்து வந்தேன். அப்புகை எங்கே சென்றது என்று ஒரு நாளேனும் வினவியதில்லை.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் அற்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது யான் பள்ளிச் சிறுவன். எம் அடுப்படியிலே காவோலையும் பன்னாடையும் ஊமலும் பொச்சுமட்டையும் எரிந்தன. மாரிகாலத்து ஈர விறகு புகைய, நிறைமாதக் கர்ப்பிணியான என் அக்கா ஊதுகுழலோடு அடுப்பின் முன் குந்தியிருந்த காட்சியை இன்றும் மறந்தேனல்லேன். அவர் பெற்ற குழந்தை நிறை குறைந்தே பிறந்தது. உணவும் மருந்தும் அருகியிருந்த காலமாதலின், புகையொன்றே அதற்குக் காரணமென்று துணிந்து கூறேன். ஆயின், வீட்டிலிருந்த ஆடவர் எவரும் அப்புகையை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்பதைத் துணிந்து கூறுவேன்.

அறிவியல் கூறுவது யாது? விறகு சரிவர எரியாதபொழுது எழும் காபனோரொட்சைட்டு வாயு, குருதியிலே ஒட்சிசனுக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்ளுகின்றது. தாய்க்குக் குறைந்த ஒட்சிசன் சேய்க்கும் குறைகின்றது. புகையிலுள்ள நுண்டுகள்களோ தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கினும் சிறியவை. நுரையீரலின் ஆழத்தை அடைபவை. தாய் சுவாசித்த கரித்துகள்கள் சூல்வித்தகத்திலே, அதுவும் சேயின் பக்கத்திலே, காணப்பட்டதைப் பெல்சிய நாட்டு ஆய்வாளர் 2019 இல் வெளியிட்டனர். 37 வாரம் நிரம்புமுன் பிறத்தலும், 2,500 கிராமிற் குறைந்த நிறையோடு பிறத்தலும் மாசுற்ற காற்றோடு தொடர்புடையனவெனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 2019 இல் உலகெங்கும் பிறந்து ஒரு மாதம் நிரம்பாத சிசுக்களுள் ஏறத்தாழ 5 இலட்சம் பேரின் இறப்புக்குக் காற்று மாசு ஏதுவாயிற்றென்றும், அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வீட்டுப் புகையைச் சார்ந்ததென்றும் மதிப்பிட்டுள்ளனர்.

"எங்கள் பாட்டிமார் புகையிலே சமைத்துப் பத்துப் பிள்ளை பெறவில்லையா?" என்பார் உளர். பெற்றனர், பெற்றவருள் எத்தனை பேரைப் பறிகொடுத்தனர் என்பதையும் சேர்த்தன்றோ எண்ணுதல் வேண்டும்?

அடுப்பை மாற்றினால் மட்டும் போதுமா? இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலே 3,200 கர்ப்பிணிகளிடத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு 2022 இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பெண்களும் அதில் இடம்பெற்றனர். ஒரு சாராருக்கு எரிவாயு அடுப்பளித்தும், குழந்தைகளின் பிறப்பு நிறையிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனாற் புகை தீங்கற்றதென்று கொள்ளற்க. அவ்வடுப்புக் கருவுற்றுச் சில மாதங்கள் சென்ற பின்னரே அவர்கள் கைக்கு வந்தது. காலந்தாழ்த்திச் செய்யும் உதவியின் பயன் சிறிது என்பதே யான் கொள்ளும் பாடம். மணப்பெண் வீட்டிலே அடியெடுத்து வைக்குமுன்னரே அடுப்படி செம்மையாதல் வேண்டும்.

2022 டிசம்பர் 9 ஆம் நாள், கடல் கடந்து வந்த மாசுக் காற்றின் காரணமாக நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டினால் வீடுகள் பல விறகுக்கு மீண்டிருந்தன. வெளிக்காற்றுக்கு அஞ்சிப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினோம். வீட்டினுள்ளே நாடோறும் எழும் புகைக்கு எவர் விடுமுறை அளித்தார்?

விறகை அடியோடு ஒழித்தல் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் விறகை உலர்த்தி அடுக்கலாம், புகைபோக்கி அமைக்கலாம், காற்றோடும் கொட்டிலிலே அடுப்பு மூட்டலாம். பொலித்தீனையும் குப்பையையும் வளவுக் கோடியிலே கொளுத்தும் வழக்கத்தை இன்றே விடலாம். வீட்டிலொருத்தி கருவுற்றிருக்குங் காலை ஆடவர் அடுப்படிக்குச் செல்லுதல் இழுக்கன்று.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பெருவிழாவின் நினைவாக மண்டபமும் வாயில் வளைவும் எழுப்புதல் நன்றே. அப்பொருளில் ஒரு பங்கைக் கல்லூரிச் சூழலிலுள்ள வறிய வீடுகளுக்குப் புகைபோக்கி அமைத்தற்கு ஒதுக்குமின். இனி இக்கல்லூரியிலே பயிலவிருக்கும் மாணவர் சிலர் இன்று தாய் வயிற்றிலே இருக்கின்றனர். அவர்களுக்கு நாம் அளிக்கத்தக்க முதற் கொடை நல்ல காற்றே. உணவின் சுவையைப் பாராட்டுமுன், அதனைச் சமைத்தவரின் கண் கரிக்கின்றதா என்று ஒருமுறை கேட்போமாக.