கருவி சொன்னதெல்லாம் மெய்யாகிவிடுமா?

"கருவி காட்டிவிட்டது, இனிப் பேச்சில்லை" என்கிறவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். "ஏட்டில் இருக்கிறது, இனிப் பேச்சில்லை" என்றவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். கருவி ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்புச் சொல்லுவது யோக்கியமாகுமா?

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்னும் ஊருக்கருகில் 64 மீட்டர் குறுக்களவுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1998 முதற்கொண்டு அதில் இடையிடையே, ஒரு வினாடிக்கும் குறைவாய் நிற்கும் அலைத் துடிப்புகள் பதிவாகி வந்தன. பார்வைக்கு அவை வெகுதூரத்து வானத்திலிருந்து வருவன போலவே இருந்தன. ஆனால், வானத்தின் வெவ்வேறு இடங்களை நோக்கும் 13 வாங்கிகளிலும் அவை ஒரே சமயத்தில் விழுந்தன. பெரும்பாலும் பகலில், ஆபீஸ் நேரத்தில் வந்தன. ஆதலால் இது பூமியிலுள்ள சரக்குத்தான் என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

2015 ஜனவரியில் இத்துடிப்புகள் வந்த அதே நேரத்தில், இடையூறுகளைக் கவனிக்க வைத்திருந்த புதுக்கருவியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் பதிவாயிற்று. அது மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யும் அலை! அடுப்பைச் சாதாரணமாய் ஓடவிட்டுச் சோதித்தார்கள்; ஒன்றும் வரவில்லை. அத்தோடு நின்றிருந்தால் குற்றவாளி விடுதலை. மார்ச்சில், அடுப்பு ஓடும்போதே கதவைத் திறந்து பார்த்தார்கள், துடிப்பு வந்துவிட்டது. பசித்தவன் அவசரம் வானத்துச் செய்தியாய்ப் பதிவாகியிருந்தது!

"பார்த்தீர்களா விஞ்ஞானத்தின் லட்சணத்தை" என்று கைகொட்டுகிறவர்களைக் கேட்கிறோம்: தவறைக் கண்டுபிடித்தது யார்? ஜோசியரா? அளந்தவர்களே அல்லவா மறுபடியும் அளந்து கண்டுபிடித்தார்கள்?

நிற்க. மின்காந்த இடையூற்றை அளந்து சர்டிபிகேட் கொடுப்பவர்களுக்கும் சில கேள்விகள்: சாமானை அணைத்துவிட்டுச் சுற்றுப்புற இரைச்சலை முதலில் அளந்தீர்களா? ஜனங்கள் உபயோகிக்கும் எல்லா விதத்திலும் சாமானை ஓட்டிப் பார்த்தீர்களா? கேபிளை இடம்மாற்றினால் அளவும் மாறுகிறதா? வாங்கிக்கு முன்னால் 10 டெசிபெல் தணிப்பான் போட்டால் அளவு சரியாக 10 இறங்குகிறதா? கூடவோ குறையவோ இறங்கினால், பலத்த அலையால் வாங்கியே திணறிப் பொய் சொல்லுகிறதென்று சந்தேகப்பட வேண்டாமா?

ஆஸ்பத்திரியில் நோயாளியின் பக்கத்தில் வைக்கும் கருவிக்கும் இதே அளவைதான். அங்கே பிசகினால் போவது காகிதமல்ல, உயிர். ஆகவே, தோழர்களே, எண்ணைப் பார்த்தவுடன் தலையாட்டாதீர்கள். அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.