தங்கவயலுக்கு ஒரு ஞாயிறு

வங்கியின் நகைக்கடன் பிரிவில் ஒரு வளையல் நம் கைக்கு வந்ததும் எடை பார்க்கிறோம். உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்க்கிறோம். கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டுக் கடன்தொகையைக் கணக்கிடுகிறோம். அந்தத் தங்கம் எந்த மண்ணிலிருந்து, யாருடைய உழைப்பால் வெளிவந்தது என்ற கேள்விக்கு நம் படிவத்தில் இடமில்லை. விடை காண விரும்புவோர் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பெங்களூருவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல் இருக்கிறது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் அங்குச் சென்று வந்தோம். பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளைப்பாதையில் உரிகம், சாம்பியன் என்று ரயில் நிலையங்களே சுரங்கங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அதே பாதையில்தான் வேலை நாள்களில் தங்கவயல்வாசிகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருவுக்குப் பிழைப்புக்கு வருகிறார்கள். நாம் ஓய்வுக்காகச் செல்லும் வழி அவர்களுக்கு அன்றாட வழி.

இங்குச் சுரங்கத் தொழில் வளர்ந்த கதை சுவையானது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூருவில் குடியேறிய மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துப் படைவீரர், 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்று இங்கே தோண்டத் தொடங்கினார். நம் நகரின் லாவெல் சாலை அவர் பெயரால் அமைந்ததே. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின் தொழில் பெருகியது. 1902-இல் சிவனசமுத்திரத்தின் காவிரி நீர் தந்த மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது தங்கவயலுக்குத்தான். பெங்களூரு அதற்காக 1905 வரை காத்திருந்தது.

அந்த மின்சாரம் இயக்கிய சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிவந்த ஒடுக்கப்பட்ட மக்களே இந்த ஊரை உருவாக்கினார்கள். உச்சக்கட்டத்தில் 30,000 பேருக்கு மேல் இங்கு வேலை செய்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும்போது உயிர்கள் போயின. பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் நோயால் மாண்டோர் வேறு.

ஆயினும் அது வெறும் கூலிகளின் குடியிருப்பாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் இங்கே வேரூன்றியது. அவர் 1907-இல் சென்னையில் தொடங்கிய இதழ், பிற்காலத்தில் 'தமிழன்' என்ற பெயரில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 1965-இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டன் அறிவியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டறிந்தார்கள்.

இனி நம் தொழில்முறைக் கணக்கு ஒன்று. இச்சுரங்கங்கள் நூற்றிருபது ஆண்டுகளில் தந்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்பர். சவரனுக்கு 8 கிராம் என்று வைத்தால் அது 10 கோடி சவரன். எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? பாறையை அரைத்துச் சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு 13 மேடுகளாக, 3 கோடி டன்னுக்கு மேல், ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. தாதுவில் தங்கம் குறைந்து செலவு வரவை மிஞ்சியதால், அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. லாபம் வெளியே சென்றது. மேடு ஊரிலேயே தங்கிவிட்டது.

இன்று சுற்றுலா வருவோரில் பலர் தேடிச் செல்வது அந்த மேட்டைத்தான். திரைப்படத்தால் பெயர்பெற்ற ஊரல்லவா! அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ராபர்ட்சன்பேட்டையில் தேநீர் குடிக்கையில் முன்னாள் தொழிலாளர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "மேட்டைப் பாத்துட்டுப் போயிடுறாங்க சார். அந்தக் கல்லை மேலே கொண்டுவந்தவன் யாருன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல." நாமும் காலையில் முதலில் சென்று நின்றது அந்த மேட்டின்முன்தான் என்பதால் அவருக்கு மறுமொழி சொல்ல நாவெழவில்லை.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் 1851-இல் தங்கவேட்டை தொடங்கியது. அங்கே 1970 முதல் 'சாவரின் ஹில்' என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் நடக்கிறது. பழைய தெருக்களை மீண்டும் கட்டி, சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, ஓடையில் தங்கத்தூள் அரித்துப் பார்க்கவும் விடுகிறார்கள். தங்கம் தீர்ந்த ஊருக்கு வரலாறே வருவாயாகிறது. நம் தங்கவயலில் சுரங்கங்களில் நீர் நிரம்பிக் கிடப்பதால் உள்ளே இறங்க வழியில்லை. ஆனால் இரும்புக் கோபுரங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயரின் பங்களாக்களும் தொழிலாளரின் நெருக்கமான லைன் வீடுகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே இறங்கி ஏறியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்பதே நம் கவலை. சுரங்கம் மூடியபோது முப்பத்தைந்து வயதானவர் இன்று அறுபதைத் தொட்டுவிட்டார். மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். மேடுகளில் எஞ்சிய தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அது வேலைவாய்ப்பைத் தருமாயின் வரவேற்போம். அதில் கிடைக்கும் வருவாயின் ஒரு சிறு பங்கில் ஒரு சுரங்கவாயிலைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கலாம். முன்னாள் தொழிலாளரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யலாம். அவர்களின் பிள்ளைகளையே ஊதியத்துடன் வழிகாட்டிகளாக அமர்த்தலாம். தேய்மானத்துக்கு நிதி ஒதுக்காத நிறுவனத்தை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். மனிதர்கள் தேய்ந்ததற்கு இவ்வளவேனும் ஒதுக்குவது கடமை அல்லவா?

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வார இறுதியில் நந்தி மலைக்கோ மைசூருவுக்கோ செல்லும் வாசகர்கள் ஒருமுறை தங்கவயலுக்குச் சென்று வாருங்கள். காற்றில் தூள் பறக்கும் மேடுகளில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம். அந்த நேரத்தை லைன் வீட்டுத் தெருக்களுக்குக் கொடுங்கள். அங்குள்ள கடையில் உண்ணுங்கள். ஊரை அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்து, அவர் நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுங்கள். கீழே என்ன இருந்தது என்று உங்கள் பிள்ளையை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை நம் மேசைக்கு வந்தது ஒரு சங்கிலி, இரண்டரைச் சவரன். வழக்கம்போல் எடை பார்த்தோம், மாற்றுப் பார்த்தோம். படிவத்தில் புதிதாக எழுத ஏதுமில்லை. தட்டிலிருந்து அதை எடுக்கும்போது மட்டும் கை சற்றே தயங்கியது.